ஹாரி மார்ஷல் வார்டு

ஹாரி மார்ஷல் வார்டு (மார்ச் 21, 1854 – ஆகஸ்ட் 26, 1906) ஓர் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆவார். தாவர நோயியல் தனியொரு துறையாக உருப்பெறக் காரணமானவர்களுள் இவரும் ஒருவர். இலங்கையின் காப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோயின் வாழ்க்கைச் சுழற்சியைத் தெளிவுபடுத்தியவர் என்ற வகையிலேயே இவர் பெரிதும் அறியப்படுகிறார். எனினும், நோய்க்கிருமி உள்ளே நுழைந்த பின்னரும் சில தாவரங்கள் நோயுறாமல் தப்புவது எவ்வாறு என்பதைப் பற்றி இவர் தம் இறுதி ஆண்டுகளில் செய்த ஆய்வுகளே அறிவியலில் நெடுங்காலம் பயன் தந்தவை.

இளமையும் கல்வியும்

வார்டு இங்கிலாந்தின் ஹெரஃபோர்டு நகரில் பிறந்தார். தந்தை பிரான்சிஸ் மார்ஷல் வார்டு ஓர் இசைக் கலைஞர். வசதி மிகுந்த குடும்பம் அன்று. ஆகவே வார்டு இளம் வயதிலேயே பள்ளியை விட்டு விலக நேர்ந்தது. பின்னர் அறிவியல் வகுப்புகளில் சேர்ந்து படித்து, இலண்டன் சவுத் கென்சிங்டனில் தாமஸ் ஹக்ஸ்லி நடத்திய உயிரியல் வகுப்பில் பயின்றார். மான்செஸ்டரின் ஓவன்ஸ் கல்லூரியில் சிறிது காலம் இருந்துவிட்டு, உதவித்தொகை பெற்று 1876இல் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1879இல் இயற்கை அறிவியலில் முதல் வகுப்பில் தேறினார். அதன்பின் செருமனியின் வூர்ட்ஸ்புர்க் நகருக்குச் சென்று, தாவர உடலியங்கியலில் அக்காலத்தில் தலைசிறந்து விளங்கிய யூலியஸ் சாக்சின் ஆய்வகத்தில் பயின்றார்.

இலங்கையும் காப்பி இலைத்துருவும்

1869ஆம் ஆண்டில் இலங்கையின் காப்பிச் செடிகளில் புதுவகை நோய் ஒன்று காணப்பட்டது. இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்த புள்ளிகள் தோன்றும். பின்னர் இலை உதிர்ந்துவிடும். பேராதனைத் தாவரவியற் பூங்காவின் இயக்குநர் துவைட்ஸ் அனுப்பிய மாதிரிகளை ஆராய்ந்த மைல்ஸ் பெர்க்லி, பிரூம் ஆகிய இருவரும் அப்பூஞ்சைக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டனர். பெயரின் பிற்பகுதிக்குப் பாழாக்குவது என்று பொருள். அதற்குப் பின் வந்த ஆண்டுகளிலும் காப்பி விலை உயர்ந்திருந்தமையால் தோட்டங்கள் மேலும் மேலும் விரிவாக்கப்பட்டன. விளைச்சல் வீழ்ந்ததை இப்புதிய பரப்பு சில காலம் மறைத்தும் வைத்தது.

இந்நோயை ஆராய 1880இல் அரசு வார்டை நியமித்தது. அப்போது அவருக்கு வயது 26 தான். மண் வளம் குன்றியதே காரணம் என்று தோட்டத்துரைமார் சிலர் எண்ணினர். வேரே நோயின் பிறப்பிடம் என்றனர் வேறு சிலர். செடியின் பட்டையிலும் இலையின் மேற்பரப்பிலும் காணப்பட்ட மெல்லிய இழைகள் இப்பூஞ்சையின் ஒரு பருவமே என்ற கருத்தும் நிலவியது. அதனை நம்பிச் செடிகளின்மேல் கந்தகத்தையும் சுண்ணாம்பையும் தூவி வந்தனர்.

வார்டு முதலில் செய்தது எளிய வேலை. பூஞ்சையின் நுண்வித்துகளை ஒரு துளி நீருடன் இலையில் இட்டு, நடப்பதை நாள்தோறும் நுண்நோக்கியில் கவனித்தார். ஈரம் இருந்தால் வித்து ஒரு நாளுக்குள் முளைக்கிறது. முளைக்குழாய் இலையின் அடிப்புறத்திலுள்ள இலைத்துளையைக் கண்டு உள்ளே நுழைகிறது. உள்ளே உயிரணுக்களுக்கிடையே இழைகளைப் பரப்பி, உயிரணுக்களுக்குள் உறிஞ்சுறுப்புகளைச் செலுத்தி உணவை எடுத்துக்கொள்கிறது. ஏறத்தாழ இரண்டு வாரங்களில் மஞ்சள் புள்ளி தோன்றிப் புதிய வித்துகள் வெளிவருகின்றன. ஆகவே நோயின் தோற்றுவாய் வேரிலும் இல்லை, மண்ணிலும் இல்லை. பட்டையிலிருந்த இழைகள் தொடர்பற்ற வேறு பூஞ்சைகள் என்பதையும் அவர் நிறுவினார். கண்ணாடித் தகடுகளில் கிளிசரின் தடவிக் காற்றில் வைத்து, அவற்றில் ஒட்டிய வித்துகளைக் கொண்டு நோய் காற்றில் பரவுவதை மெய்ப்பித்தார். காற்றில் மிதக்கும் நுண்வித்துகளைப் பிடித்து ஆராய்ந்த தொடக்க கால முயற்சிகளுள் இதுவும் ஒன்று.

இலை உதிர்வதால் செடி எவ்வாறு நலிகிறது என்பதையும் வார்டு விளக்கினார். இலை செடிக்கு உணவு ஆக்கும் உறுப்பு. அது உரிய காலத்திற்கு முன் உதிரும்போது, காயை நிரப்பச் செல்லவேண்டிய உணவு புதிய இலைகளைத் தோற்றுவிப்பதிலேயே செலவாகிறது, அவ்விலைகளும் உதிர்கின்றன. செடி உடனே மடிவதில்லை, ஆனால் ஆண்டுக்கு ஆண்டு காய்ப்புக் குறைகிறது.

1880, 1881 ஆகிய ஆண்டுகளில் அவர் அரசுக்கு மூன்று அறிக்கைகள் அளித்தார். அவற்றில் தோட்டத்துரைமார் எதிர்பார்த்த மருந்து இல்லை. பூஞ்சை இலைக்குள் புகுந்த பின் அதனை அழிக்க வழியில்லை. வித்து முளைக்குமுன் இலையின்மேல் மருந்து இருந்தாற்றான் பயன். மலைச் சரிவு முழுவதும் இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டது பூஞ்சைக்கு அளவற்ற உணவை அளித்துவிட்டது. காற்றைத் தடுக்க இடையிடையே மரவரிசைகள் வேண்டும். இவையே அவர் கூறியவற்றின் சாரம். பலர் ஏமாற்றம் அடைந்தனர். ஆயினும் அக்காலத்தில் கிடைத்த அறிவைக் கொண்டு இதைவிட நேர்மையான விடையை எவரும் அளித்திருக்க முடியாது. பூஞ்சைக் கொல்லியாகப் புகழ்பெற்ற போர்டோ கலவை அறிமுகமானதே 1885இல் தான். வித்து முளைக்குமுன் இலையைக் காக்கவேண்டும் என்னும் அதே நெறியின்படியே அதுவும் செயற்படுகிறது.

1882இல் வார்டு நாடு திரும்பினார். காப்பி மீளவில்லை. 1884இல் தோட்டங்களுக்குப் பெருமளவில் கடன் வழங்கியிருந்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. சென்னை மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்து உழைத்த தொழிலாளர் பலருக்குக் கூலி நிலுவையாக நின்றது. காப்பிக்கு மாற்றாகச் சிங்கோனாவும் பின்னர் தேயிலையும் பயிரிடப்பட்டன. காப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் மிகுதியான ஆட்கள் தேவை. தேயிலைக் கொழுந்தையோ ஆண்டு முழுவதும் பறிக்கவேண்டும். பருவத்திற்கு வந்து திரும்பிக்கொண்டிருந்தவர்கள் குடும்பத்துடன் மலையகத்தில் நிலைத்துத் தங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. ஆங்கிலேயர் தேநீர் அருந்தத் தொடங்கியதே இந்நோயால்தான் என்று அடிக்கடி எழுதப்படுவதுண்டு. அது சரியன்று, பிரித்தானியாவில் தேநீர்ப் பழக்கம் அதற்கு நெடுங்காலம் முன்னரே வேரூன்றியிருந்தது.

கூப்பர்ஸ் ஹில் ஆண்டுகள்

இங்கிலாந்து திரும்பிய வார்டு ஓவன்ஸ் கல்லூரியில் பணியாற்றினார். 1883இல் செலினா மேரி கிங்டனை மணந்தார். 1885இல், இந்தியாவிற்குச் செல்லும் வன அலுவலர்களுக்குப் பயிற்சி அளித்துவந்த கூப்பர்ஸ் ஹில் அரச இந்தியப் பொறியியற் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியரானார். இங்கிருந்த பத்து ஆண்டுகளில் அவர் தொட்ட துறைகள் பல. அவரை வேர் முடிச்சுகள் வெளியிலிருந்து வேர்த்தூவி வழியாகப் புகும் நுண்ணுயிரால் உண்டாகின்றன என்று காட்டினார். இஞ்சி பீரைப் புளிக்கச் செய்யும் கட்டியானது ஈஸ்டும் பாக்டீரியாவும் கூடி வாழும் அமைப்பு என்பதை 1892இல் வெளியிட்டார். சாக்சின் விரிவுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1888இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டார்; 1893இல் அதன் அரச பதக்கத்தைப் பெற்றார்.

நோயெதிர்ப்பைப் பொறுத்தவரை இக்காலத்தின் முதன்மையான பணி, லில்லிச் செடியைத் தாக்கும் பொட்ரைடிஸ் பூஞ்சை பற்றியது. இப்பூஞ்சை ஒரு நொதியைச் சுரந்து உயிரணுச் சுவரைக் கரைத்து வழி உண்டாக்குகிறது என்று 1888இல் அவர் விளக்கினார். 1890இல் அரச கழகத்தில் ஆற்றிய குரூனியன் சொற்பொழிவில் இதனை மேலும் விரித்தார். ஈரமும் மேகமூட்டமும் நீடிக்கும்போது செடியின் திசுக்களில் நீர் மிகுந்து, சுவர்கள் மெலிந்து, பூஞ்சைக்கு உணவாகும் பொருள்கள் சேர்கின்றன. அதே வானிலை பூஞ்சைக்கும் உகந்தது. கொள்ளைநோய்க்குக் கிருமியை மட்டும் பார்த்தால் போதாது, செடி அந்நேரத்தில் இருந்த நிலையையும் பார்க்கவேண்டும் என்பது இதிலிருந்து பெறப்பட்டது.

கேம்பிரிட்ஜும் புரோமஸ் புற்களும்

1895இல் வார்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியரானார். அங்கு அவரது முயற்சியால் எழுந்த புதிய தாவரவியற் கட்டிடத்தை 1904இல் ஏழாம் எட்வர்டு மன்னர் திறந்துவைத்தார்.

இக்காலத்தில் அவர் எடுத்துக்கொண்டது, புரோமஸ் என்னும் புல்லினத்தையும் அதைத் தாக்கும் பழுப்புத் துருவையும். ஒரு புரோமஸ் வகையில் வளர்ந்த துருவின் வித்து அதன் நெருங்கிய உறவு வகைகளை எளிதில் தாக்கியது. சற்று விலகிய வகைகளைத் தாக்கவில்லை. காரணம் புற அமைப்பில் இருக்கும் என்று எவரும் எண்ணக்கூடும். வார்டு இலைத்துளைகளின் எண்ணிக்கை, அளவு, இலைமயிர், திசுக்களின் அமைப்பு ஆகியவற்றை வகை வகையாக அளந்து பார்த்தார். இவற்றிற்கும் எதிர்ப்புத் திறனுக்கும் எத்தொடர்பும் தென்படவில்லை. அடுத்து, நாற்றுகளுக்குக் கனிம உணவைக் குறைத்துப் பட்டினி போட்டார். வாடிய நாற்றுகளும் நோயுற்றன. வித்துகளின் விளைச்சல் மட்டுமே குறைந்தது. பட்டினியால் எதிர்ப்புத் திறன் தோன்றவும் இல்லை, மறையவும் இல்லை.

1902இல் வெளியான அவரது கட்டுரையில் இன்றும் போற்றப்படும் ஒரு கவனிப்பு உள்ளது. எதிர்ப்புத் திறனுள்ள புல்லிலும் பூஞ்சையின் முளைக்குழாய் இலைத்துளை வழியே நுழைந்துவிடுகிறது. ஆனால் அது தொட்ட இடத்திலுள்ள உயிரணுக்கள் விரைவில் மடிந்துவிடுகின்றன. உயிருள்ள உயிரணுவிலிருந்தே உணவு பெறவல்ல துருப் பூஞ்சை, மடிந்த திசுவின் நடுவே உணவின்றி அழிகிறது. நோய் பற்றும் செடியில் உயிரணுக்கள் பூஞ்சையுடன் பல நாள் உயிருடன் இருக்கின்றன. அதுவே செடிக்குக் கேடாக முடிகிறது. ஆகவே எதிர்ப்புத் திறன் உயிரணுவின் உட்பொருளில், நொதிகளும் நச்சுப்பொருள்களும் ஒன்றோடொன்று மோதும் இடத்தில் தீர்மானிக்கப்படுகிறது என்று வார்டு முடிவு செய்தார். இந்நிகழ்வுக்கு மிகையுணர்வு வினை என்னும் பொருளுடைய பெயரை அமெரிக்கரான ஸ்டாக்மன் 1915இல் வழங்கினார்.

தானியத் துருவின் கரு விதைக்குள்ளேயே மறைந்து தலைமுறைக்குத் தலைமுறை கடத்தப்படுகிறது என்ற சுவீடன் அறிஞர் எரிக்சனின் கொள்கையையும் வார்டு 1903இல் மறுத்தார். அவரது கருத்துகள் அனைத்தும் நிலைத்தன என்று கூற இயலாது. இடைப்பட்ட ஒரு புல்வகையைப் பாலமாகக் கொண்டு துருப் பூஞ்சை தன்னைப் பழக்கிக்கொண்டு, முன்பு தாக்க இயலாத வகைகளையும் தாக்கும் ஆற்றலைப் பெறுகிறது என்று அவர் கருதினார். தானியத் துருக்களில் ஸ்டாக்மன் குழுவினர் செய்த சோதனைகள் இதனை உறுதிப்படுத்தாமையால் இக்கொள்கை பின்னர் கைவிடப்பட்டது.

அவரிடம் பயின்ற ரோலண்டு பிஃபன், கோதுமையின் மஞ்சள் துருவுக்கான எதிர்ப்புத் திறன் மெண்டலின் விதிப்படி மரபுவழி வருகிறது என்பதை 1905இல் வெளியிட்டார். எதிர்ப்புத் திறனை அளந்து, கலப்பினம் செய்து, புதிய பயிர் வகைகளில் சேர்க்க இதனால் வழி பிறந்தது. செடியின் ஒரு மரபணுவுக்குக் கிருமியின் ஒரு மரபணு ஈடாக நிற்கிறது என்பதை ஃபுளோர் 1940களில் ஆளிச் செடியின் துருவைக் கொண்டு கண்டறிந்தார்.

இறுதிக் காலம்

நெடுநாள் உடல்நலம் குன்றியிருந்த வார்டு, 1906 ஆகஸ்ட் 26 அன்று டார்க்கி நகரில் தமது 52ஆம் வயதில் காலமானார். மரங்களைப் பற்றி அவர் எழுதிவந்த நூல்வரிசை அவரது மறைவுக்குப் பின் 1909இல்தான் நிறைவுற்றது. அவருடைய மகன் பிராங்க் கிங்டன்-வார்டு தந்தையின் மறைவால் கேம்பிரிட்ஜை விட்டு 1907இல் ஷாங்காய் நகருக்கு ஆசிரியப் பணிக்குச் சென்றார். பின்னர் திபெத், பர்மா, அசாம் மலைப்பகுதிகளில் தாவரங்களைத் தேடித் திரட்டிப் புகழ்பெற்றார்.