அபிநவகுப்தாசாரியர்

காச்மீர தேசத்துச் சைவாசாரியருள் அபிநவகுப்தரைத் தந்திராலோகஞ் செய்த ஞானியாகப் போற்றுவோர் பலர். கதையும் நாடகமுங் கேட்பாருள்ளத்திற் சுவை பிறக்குமாற்றை ஆராய்வதிலும் அவர் தலைநின்றவர் என்பதை நம்மவருட் பலர் அறிந்திலர். அப்பகுதியையே முக்கியமாகக் கொண்டு அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்க வரைவாம். அவர் கொண்ட சிவாத்துவிதம் எமது சித்தாந்தத்தோடு மாறுபடுமிடங்கள் உள; அவ்வாராய்ச்சி இங்கு வேண்டா.

இவர் முன்னோராகிய அத்திரிகுப்தரைக் கி. பி. 8 ஆம் நூற்றாண்டிலே காச்மீரத்தையாண்ட லலிதாதித்தியன் கங்கை யமுனைகளுக்கிடைப்பட்ட நாட்டினின்றும் அழைத்துவந்து குடியேற்றினான். அக்குடியிலே, 10 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியையொட்டி, நரசிங்ககுப்தருக்கும் விமலை அம்மையாருக்கும் இவர் புதல்வராயினார். இளம்பிராயத்திலேயே தாயார் இறந்தார். அப்பிரிவைத் தம் பிற்கால வாழ்வுக்கு விதி செய்த ஆயத்தமாகக் கொண்டு பின்னாளில் நூலிலே குறித்திருக்கின்றார். தந்தையாரிடம் வியாகரணமும், பட்டேந்துராஜரிடம் துவனி நூலும், பட்டதௌதரிடம் நாட்டிய சாஸ்திரமும் கற்றார். இலக்குமணகுப்தரும் சம்புநாதரும் சைவநூல்களை உணர்த்தினர். பௌத்தர் சமணரிடத்துஞ் சென்று பாடங்கேட்கக் கூசினாரல்லர்.

இனி, சோகத்தைக் கூறுங் கதை கேட்போர்க்கு இன்பந் தருவது எங்ஙனம் என்பது அந்நாளிற் பெரியதொரு வினாவாயிருந்தது. கதைத்தலைவன்பாலுள்ள பாவமே வலுப்பெற்று இரசம் எனப்படுஞ் சுவையாயிற்று என்றார் பட்டலோல்லடர். சித்திரக் குதிரையைக் குதிரையென்று கொள்ளுமாறுபோல, நடன் காட்டும் அநுகரணத்தால் அநுமிக்கப்படுவதே சுவை என்றார் சங்குகர். பட்டநாயகரோ, காவியத்தினாலே பாவங்கள் ஒருவர்க்குரியவாகாது பொதுமை எய்தும் என்று கண்டார். அபிநவகுப்தர் அப்பொதுமையை ஏற்றுக்கொண்டு, அதற்கென அவர் கற்பித்த தனிச் சத்திகளை மறுத்தார்.

அவர் காட்டிய உதாரணம் ஒன்று. சாகுந்தல நாடகத் தொடக்கத்திலே துஷ்யந்தனுடைய தேருக்கு முன் மானொன்று அஞ்சியோடுகின்றது. காண்பவன் அவ்வச்சத்தை என்னுடையதென்றும் எண்ணான். பகைவனுடையது, நண்பனுடையது என்றும் எண்ணான். இன்ன தேசம், இன்ன காலம் என்னும் வரையறையும் நீங்க, அச்சம் ஒன்றே அவனுள்ளத்திலே விளங்கும். அதுவே பயானகச் சுவை. நம்முடைய அச்சமாயின் ஓடிவிடுவோம், அயலானுடையதாயின் வாளாவிருப்போம். இரண்டுமல்லாமையினாற்றான் நாடகசாலையிலே அமர்ந்திருக்கின்றோம்.

வேடனம்பினாலே துணையிழந்த கிரௌஞ்சப் பறவை அலறக் கேட்டு வான்மீகி முனிவர் வாக்கிற் சுலோகம் பிறந்த வரலாற்றை யாவரும் அறிவர். அது முனிவருடைய சொந்தத் துயரன்று என்பது லோசனத்திலே இவர் நிறுவுவது. துயருற்றவன் துயரிலே அழுந்துவானன்றிச் செய்யுள் செய்யான். பறவையின் துயர் முனிவருள்ளத்தோடு ஒன்றி, உலகியற் றுயரத்தின் உருவம் நீங்கிச் சுவையாகி, நிறைகுடம் வழிவதுபோல வழிந்தது. பாலப்பருவத்திலே தாயையிழந்தவர் இவ்வாறு எழுதினார் என்று நினைக்குந்தோறும் எம் மனம் அவ்விடத்தே நின்றுவிடுகின்றது. இதிலிருந்து அது பிறந்தது என்று துணிந்து கூறோம்.

சுவைக்கு இடையூறாவன ஏழென்றும் வகுத்தார். கேட்போன் நம்பாமை அவற்றுள் முதலாவது. ஆகலின் கடல்கடத்தல் போலும் அருஞ்செயல்களை இராமன் முதலிய பெரும்புகழுடையார்மேல் வைத்துச் சொல்லுதல் வேண்டுமென்பது அவர் கருத்து. தன் இன்பதுன்பங்களிலேயே ஆழ்ந்திருத்தல் இன்னொன்று. அதனை மாற்றுதற்கே இசையும் அரங்கின் அழகும் வேண்டப்பட்டன. கதை எழுதப் புகுவார் இவ்விரண்டையுமாவது படித்தல் நன்று.

மதுரையினின்றும் காச்மீரஞ் சென்ற மதுராஜர் இவரைத் தியான சுலோகங்களிலே வருணித்துள்ளார். முந்திரிகைச் சோலை நடுவே வீராசனத்திலிருந்து, வலக்கையில் உருத்திராக்கமாலை தாங்கி, இடக்கையால் வீணை வாசிக்கின்றார். நெடுந்தாடியும் திரிபுண்டரமும் விளங்குகின்றன. க்ஷேமராஜர் முதலிய மாணாக்கர் காலடியிலிருந்து எழுதுகின்றனர். அவர் காலக்குறிப்புடைய நூல்களுட் பிந்தியது கி. பி. 1014-15 இல் முடிந்தது. மாணாக்கர் 1200 பேருடன் பைரவ குகையுட் புகுந்து மீளவில்லை என்பது கர்ணபரம்பரை.

பரதருடைய நாட்டிய சாஸ்திரத்துக்கு அவரியற்றிய அபிநவபாரதி என்னும் வியாக்கியானம் நெடுங்காலம் மறைந்துகிடந்தது. பனிமலை நாட்டில் எழுந்த அந்நூலின் ஏடுகள் மலையாள தேசத்திலே கிடைத்தன. இராமகிருஷ்ண கவி என்பார் அதனைப் பரிசோதித்து, முதற்பாகத்தை 1926 இற் பரோடாவில் வெளியிட்டார். ஏடுகளிலே பிழைகள் மலிந்திருந்தன. கூர்ச்சரத்துச் சமணராகிய ஹேமசந்திரர் தமது காவியாநுசாசனத்தில் இரசப்பகுதியை ஏறக்குறைய அவ்வாறே எடுத்து எழுதிவைத்தமையால் அவ்விடத்துப் பாடம் பெரும்பாலும் தெளிவாயிற்று. மெய்ப்பாடுகளைக் கூறும் ஏழாம் அத்தியாயத்துக்கு அவரெழுதிய உரையில் தொடக்கமொன்றே எஞ்சியது. எட்டாம் அத்தியாயத்துரை முற்றும் மறைந்தது.