ஜேம்ஸ் ஸ்டர்லிங் எழுப்பிய கலைக்கூடம்

கலைக்கூடம் என்றதும் வரிசைத் தூண்களும் அடங்கிய குரல்களும் நம் நினைவுக்கு வருகின்றன. அந்நினைவை அசைத்துப் பார்த்தவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் ஸ்டர்லிங்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்து லிவர்பூலில் வளர்ந்தவர் அவர். 1944-இல் நார்மண்டிப் போர்க்களத்தில் வான்குடைப் படைவீரராக நின்று ஜெர்மானியப் படையை எதிர்த்துக் காயமுற்றார். பின்னர் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை பயின்றார். ஜேம்ஸ் கோவனுடன் இணைந்து ஆக்கிய லெஸ்டர் பல்கலைக்கழகப் பொறியியற் கட்டடம் 1963-இல் நிறைவெய்தி அவருக்குப் பெரும்புகழ் ஈட்டிற்று.

இதற்கு முன்பே, 1956-இல், இலண்டன் வைட்சேப்பல் கலைக்கூடத்தில் ஓவியரும் சிற்பியரும் கட்டடக் கலைஞரும் குழுக்களாகக் கூடி ஒரு கண்காட்சி நடத்தினர். அதில் ஸ்டர்லிங்கும் பங்கேற்றார். விளம்பரப் படங்களை வெட்டி ஒட்டி ரிச்சர்டு ஹாமில்டன் ஆக்கிய ஒட்டுச்சித்திரம் அக்கண்காட்சியையொட்டிப் பிறந்ததே. கடைவீதிப் பொருள்களையும் உயர்கலையையும் கூசாமல் ஒன்றாக நிறுத்துவதே பாப் கலை. ஸ்டர்லிங்கைப் பாப் கலைஞர் என்று நாம் கூறவில்லை. ஆயினும் அவ்வொட்டுமுறை அவர் கட்டடத்தில் குடிபுகுந்ததை மறுக்கவியலாது.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 1843-இல் அமைந்த அரசுக் கலைக்கூடம் போர்க்குண்டுகளால் சிதைந்து மீண்டும் எழுந்தது. அதனருகே புதுக் கூடம் எழுப்ப 1977-இல் நடந்த போட்டியில் ஸ்டர்லிங் வென்றார். மைக்கேல் வில்ஃபோர்டு அவருடைய கூட்டாளி. 1984-இல் கூடம் திறக்கப்பட்டது. நடுவில் வானம் பார்த்த வட்ட முற்றம். பழைய கோயில்களையும் கோட்டைகளையும் நினைவூட்டும் மணற்கல், டிராவர்டின் கல் வரிகள். அக்கற்சுவரின்மேல் தடித்த குழாய்களாய் இளஞ்சிவப்பும் நீலமுமான கைப்பிடிகள்! நுழைமண்டபத்தில் வளைந்தோடும் பச்சைச் சட்டக் கண்ணாடிச் சுவர். கீழே பச்சை ரப்பர்த் தரை. ஊர்தி நிறுத்தகச் சுவரில் சில கற்கள் விழுந்து புல்லில் கிடப்பதுபோல் வைத்து, அந்த ஓட்டையையே காற்று வழியாக்கினார். கனத்த கோட்டையெனத் தோன்றுவது உண்மையில் மெல்லிய கற்போர்வையே என்பதை அவரே காட்டிக்கொடுத்துச் சிரிக்கிறார். ஓவியங்கள் தொங்கும் அறைகளோ அமைதியான வெண்மையுடையவை. அங்கே அவர் குறும்பு செய்யவில்லை. இவ்வடக்கமே நம்மைப் பெரிதும் கவர்கிறது. பொதுப்பாதையொன்று முற்றத்தின் வட்டச்சுவரை ஒட்டி வளைந்து, மேல்தெருவையும் கீழ்ச்சாலையையும் இணைத்தது. நுழைவுச் சீட்டு வாங்காத வழிப்போக்கரும் உள்முற்றச் சிற்பங்களைக் கண்டு சென்றனர்.

ஆனால் ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் சிலர் சீறியெழுந்தனர். அக்கனத்த கற்சுவர்களில் நாஜி ஆட்சிக் கட்டடங்களின் சாயலைக் கண்டனர். அவ்வாட்சியை எதிர்த்துக் குருதி சிந்தியவர்மீதா இப்பழி என்று நமக்குத் தோன்றுகிறது. எனினும், தம் நாட்டில் கல்லின் கம்பீரம் எதற்கெல்லாம் பயன்பட்டது என்பதைக் கண்டவர்களின் அச்சத்தையும் நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. பொதுமக்களோ திரண்டு வந்தனர்.

1981-இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற ஸ்டர்லிங், 1987-இல் திறக்கப்பட்ட இலண்டன் டேட் கலைக்கூடத்தின் குளோர் பகுதியையும் வடிவமைத்தார். 1992 ஜூன் திங்களில் சர் பட்டம் அறிவிக்கப்பெற்ற சில நாள்களிலேயே காலமானார்.