அர்ச்சியசிஷ்ட தேவசகாயம் பிள்ளை



வலை வெறுமையாய்த் திரும்பும் நாட்களில், சர்வேசுரன் நம்மை மறந்துவிட்டாரோ என்று எந்த வீட்டில்தான் கேட்கவில்லை? அப்போது இந்த வேதசாட்சியை நினைத்துக்கொள்ளுங்கள்.

1712-ம் வருஷம் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரசில் உத்தியோகம் பார்த்தவர். ஒரு காலம் கால்நடைகள் மடிந்து, நஷ்டத்தின்மேல் நஷ்டம் வந்து, முகம் வாடித் திரிந்தார். காரணம் விசாரித்தவர் டிலனாய் என்னும் கத்தோலிக்கத் தளபதி. அவரே 1741-ல் குளச்சல் யுத்தத்தில் சிறைப்பட்டு அந்நிய தேசத்தில் வாழ்ந்தவர். ஆறுதல் சொல்ல அவருக்குத் தகுதி உண்டு. யோபு என்னும் நீதிமானின் சரித்திரத்தை எடுத்துச் சொன்னார். நீலகண்டரின் மனம் தெளிந்தது. 1745 மே 14-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரைத் தமிழாக்கி, தேவசகாயம் என்று பெயரிட்டார்கள்.

யோபுக்கு இழந்தது இரட்டிப்பாய்த் திரும்பிற்று. இவருக்கோ பெருந்துன்பம் அதன்பின்தான் தொடங்கிற்று. 1749-ல் பிடித்தார்கள். பிரம்பால் அடித்து, காயத்தில் மிளகாய்ப்பொடி தடவி, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராய்க் கொண்டுபோனார்கள். மாதக்கணக்காய் மரத்தில் கட்டிவைத்தார்கள். வேதத்தை மறுதலித்தால் விடுதலை என்றார்கள், இசையவில்லை. புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்துப் பாறையை முழங்கையால் முட்டியபோது தண்ணீர் சுரந்தது என்பது பரம்பரைச் செய்தி. அந்தத் தண்ணீரைவிட, மூன்று வருஷம் தளராத அந்த மனமே எனக்குப் பெரிய அற்புதமாய்த் தோன்றுகிறது.

1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய கல்லறை கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் இருக்கிறது. 2022 மே 15-ல், இந்திய இல்லறத்தாரில் முதல்வராக, பாப்பு பிரான்சிஸ் அவரை அர்ச்சியசிஷ்டராக உயர்த்தினார். தேவசகாயம் என்ற அதே பெயரில்.