நாற்பது ஆண்டுகள் தேடிய செடி!

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சாக்குவாய்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே 1810ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் தேதி பிறந்தார் ஆசா கிரே. அப்பாவுக்குத் தோல் பதனிடும் தொழில். அதற்கு மரப்பட்டைத் தூள் நிறைய வேண்டும். நம் ஊர்ச் செக்கு மாடு போல, அங்கே ஒரு கிழட்டுக் குதிரை சுற்றிச் சுற்றி வந்து பட்டையை அரைக்கும். குதிரையை ஓட்டுவதும் பட்டையை அள்ளிப் போடுவதும் சிறுவன் கிரேயின் வேலை.

பதினேழு வயதில், ஒரு குளிர்காலத்தில், கலைக்களஞ்சியம் ஒன்றில் தாவரவியல் பற்றிய கட்டுரையைப் படித்தார். ஆர்வம் பற்றிக்கொண்டது. ஆனால் வெளியே எங்கும் பனி. செடிக்கு எங்கே போவது? வசந்தம் வரும்வரை காத்திருந்தார். பனி உருகியதும் பூத்த ஒரு சிறு பூவைப் பறித்து வந்து, புத்தகத்தைப் புரட்டி அதன் பெயரைத் தானே கண்டுபிடித்தார். அவ்வளவுதான்! 1831இல் டாக்டர் பட்டம் வாங்கியும், மருத்துவத்தை விட்டுச் செடிகளின் பின்னால் போய்விட்டார்.

1839இல் பாரிஸ் சென்றபோது, அங்கே உலர்த்தி வைத்திருந்த ஒரு செடி அவர் கண்ணில் பட்டது. மிஷோ என்ற பிரெஞ்சுக்காரர் 1780களில் அமெரிக்காவின் கரோலினா மலைகளில் எடுத்தது. பூ இல்லை, பெயரும் இல்லை. கிரே அதற்கு 'ஷார்ட்டியா' என்று பெயரிட்டார். நாடு திரும்பியதும் அந்த மலைகளில் ஏறித் தேடினார். கிடைக்கவில்லை. மறுபடி போனார். அப்போதும் இல்லை!

1842இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியரானார். சில ஆண்டுகள் கழித்து, ஜப்பானில் சேகரித்த செடிகள் அவர் மேசைக்கு வந்தன. பார்த்தவர் திகைத்துப்போனார். ஜப்பான் செடிகளின் உறவுகள் பக்கத்தில் உள்ள மேற்கு அமெரிக்காவில் அல்லவா இருக்க வேண்டும்? அவையோ கண்டத்தின் மறுகோடியில், கிழக்கு அமெரிக்காவில் இருந்தன! மக்னோலியா, ஜின்செங் என்று பல. ஷார்ட்டியாவுக்கும் ஜப்பானில் ஓர் உறவுச் செடி உண்டு.

கிரே 1859இல் விடை சொன்னார். முன்பு வடதுருவப் பக்கம் வெப்பமாக இருந்தது. ஆசியாவிலிருந்து அமெரிக்கா வரை ஒரே காடு பரவியிருந்தது. பிறகு குளிர் கூடிப் பனியுகம் வர, செடிகள் தெற்கே நகர்ந்தன, காடு துண்டானது. மேற்கு அமெரிக்காவில் கோடை மழை குறைந்து பல இனங்கள் அழிந்தன. ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலை கிழக்கு மேற்காகக் குறுக்கே நின்று வழியை மறித்தது. அங்கும் பல மரங்கள் மறைந்தன. காடு பிரிந்தது பனியுகங்களுக்கும் பல லட்சம் ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது என்று இப்போது தெரிகிறது. ஆனாலும் கிரேயின் அடிப்படைக் கருத்து நிற்கிறது.

இதை எதிர்த்தவர் யார் தெரியுமா? பனியுகம் என்ற கருத்தை உலகெங்கும் பரப்பிய அகாசியேதான்! அவரும் ஹார்வர்டு பேராசிரியர். ஒவ்வோர் இனமும் அது வாழும் இடத்திலேயே தனித்தனியாகப் படைக்கப்பட்டது என்பது அவர் கட்சி. அறிஞர் சபையில் இருவரும் நேருக்கு நேர் வாதிட்டார்கள். பனியைப் பற்றி அத்தனை தெரிந்தவர், அந்தப் பனி செடிகளை என்ன செய்தது என்பதை ஏற்காமல் போனது விந்தைதான்.

துலிப் மரத்தைப் பாருங்கள். ஒன்று சீனாவில், ஒன்று கிழக்கு அமெரிக்காவில். பிரிந்து பல லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. 1963இல் சீன விஞ்ஞானிகள் இரண்டையும் கலந்து பார்த்தார்கள். கலப்பின மரம் செழித்து வளர்ந்தது, விதையும் விட்டது! உறவு இன்னும் அறுந்துபோகவில்லை.

சரி, ஷார்ட்டியா என்ன ஆனது? 1877இல் வட கரோலினாவில், கட்டாபா ஆற்றங்கரையில் ஒரு பையன் அதைக் கண்டெடுத்தான். அவனுக்கும் வயது பதினேழு! செய்தி கிரேயை எட்டியபோது அவர் துள்ளிக் குதிக்காத குறைதான். 1879இல், 68 வயதில், மனைவியுடன் அங்கே போய் அது வளர்வதைக் கண்ணாரக் கண்டார்.

கிரே 1888 ஜனவரி 30ஆம் தேதி காலமானார். ஷார்ட்டியா ஏராளமாக வளர்ந்திருந்த தென் கரோலினாப் பள்ளத்தாக்குகள் சில, 1970களில் அணை கட்டி உருவாக்கிய ஜொகாஸி ஏரிக்குள் மூழ்கிவிட்டன. மிச்சம் ஓடைக் கரைகளில் இன்னும் பூக்கிறது.