அறுபது வயதுக்குப் பிறகு என்ன? – ஷேக் அப்துல்லாஹ் வாழ்வில் ஒரு படிப்பினை



அறுபது வயது நிறைந்தால் அரசு ஊழியருக்குப் பணி ஓய்வு. வியாபாரிக்கு அந்தத் தேதி இல்லை, ஆனால் கேள்வி ஒன்றுதான்: இனி ஓய்ந்து உட்காரலாமா? இதற்குப் பதில் தேடும்போது, நம் பழனி மலையில் காவலில் இருந்த ஒரு மனிதரை நினைத்துப் பார்ப்போம்.

காஷ்மீர் சிங்கம் என்று அழைக்கப்பட்ட ஷேக் முஹம்மது அப்துல்லாஹ் 1905ல் ஸ்ரீநகர் அருகே சௌராவில் பிறந்தார். பிறக்கும் முன்பே தந்தையை இழந்த யத்தீம். அலிகரில் வேதியியல் முதுகலை படித்தார். 1948ல் காஷ்மீரின் பிரதமரானார். 1953ல் பதவி பறிக்கப்பட்டுச் சிறை சென்றார். நடுவே 1958ல் சில மாதங்கள் தவிர, 1964 வரை சிறைதான்.

1965ல் ஹஜ் கடமையை நிறைவேற்றினார். திரும்பிய மே மாதத்தில் டெல்லியிலேயே கைது. முதலில் ஊட்டி, பிறகு கொடைக்கானல். அங்கே 'கோஹினூர்' என்ற பங்களாவில் வைக்கப்பட்டார். நகர எல்லையைத் தாண்ட அனுமதி இல்லை. சொந்த ஊரின் தால் ஏரி எங்கோ இருக்க, இங்கே வேறொரு ஏரியின் ஊரில் அவருக்கு அறுபது வயது நிறைந்தது.

சகோதரர்களே! ஹஜ் முடிந்துவிட்டது, பதவி போய்விட்டது, உடல் தளர்கிறது. இத்தோடு ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1968 ஜனவரியில் விடுதலையானபோது அவருக்கு வயது 62. அதே ஆண்டில், அவர் தலைமையிலிருந்த முஸ்லிம் அவ்காஃப் டிரஸ்ட், தால் ஏரிக்கரையில் ஹஸ்ரத்பால் பள்ளிவாசலைப் புதிதாகக் கட்டத் தொடங்கியது. வெண்பளிங்கில் எழுந்த அந்தப் பள்ளி 1979ல்தான் நிறைவுற்றது. 62 வயதில் தொடங்கிய வேலை 73 வயதில் முடிந்தது. முடியும்வரை நாம் இருப்போமா என்று கணக்குப் பார்த்திருந்தால் ஒரு கல்லும் நகர்ந்திருக்காது.

இதற்கிடையே 1975ல், 69 வயதில், முதலமைச்சரானார். 1981ல் கட்சித் தலைமையை மகன் ஃபாரூக் அப்துல்லாஹ்விடம் ஒப்படைத்தார். 1982 செப்டம்பர் 8 அன்று முதலமைச்சராகவே வஃபாத்தானார். ஹஸ்ரத்பால் அருகே ஏரிக்கரையில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய அரசியலில் ஏற்பும் மறுப்பும் உண்டு. அதை வரலாற்றிடம் விடுவோம். நாம் எடுக்க வேண்டிய படிப்பினை இரண்டு.

ஒன்று, நாற்காலியை விடுவது வேறு, தீனுடைய வேலையை விடுவது வேறு. ஜமாஅத்தில் பல ஆண்டுகள் பொறுப்பில் இருப்பவர்கள் உயிரோடு இருக்கும்போதே அதைக் கைமாற்ற வேண்டும். மகனுக்குத்தான் என்றில்லை, தகுதியான இளைஞருக்கு. பிறகு அவருக்குத் துணையாக நிற்க வேண்டும்.

இரண்டு, ரிட்டையர் ஆன பிறகு தொழுது கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது ஆபத்து. அந்த நாள் நமக்கு உண்டா என்பதை அல்லாஹ்வே அறிவான். ஓய்வு பெற்றவர்களோ, காலியான நேரத்தை டிவிக்கும் திண்ணைப் பேச்சுக்கும் கொடுத்துவிடாமல், மக்தப் பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் கொடுங்கள். சம்பளம் தருபவர் நம்மை அனுப்பிவிடலாம். மவ்த் வரும்வரை இபாதத்துக்கு ஓய்வு இல்லை.

வல்ல ரஹ்மான் நம் கடைசிக் காலத்தை நம் வாழ்நாளிலேயே சிறந்த காலமாக ஆக்குவானாக! ஆமீன்.