செல்லாமல் போன 1,000 ரூபாய் நோட்டில் பெரிய கோயில்: யார் இந்த ராஜராஜன்?

திருப்பத்தூர், காரைக்குடி வட்டாரத்தில் பழைய காசு, நோட்டு தேடி அலைபவர்கள் உண்டு. கிடைச்சா விடவே மாட்டாங்க என்று சொல்லக்கூடிய நோட்டுகளில் ஒன்று, 1954-இல் வெளிவந்த 1,000 ரூபாய் நோட்டு.

நோட்டில் என்ன இருக்கு?

முன்பக்கம் அசோகர் தூணின் சிங்கங்கள். பின்பக்கம் தஞ்சைப் பெரிய கோயில். கட்டியவரின் பெயரோ முகமோ அதில் கிடையாது. அவர்தான் முதலாம் ராஜராஜ சோழன்.

அரியணை உடனே கிடைத்ததா?

இல்லை. இயற்பெயர் அருள்மொழிவர்மன். சுந்தர சோழரின் இளைய மகன். அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலை செய்யப்பட்ட பிறகும் ஆட்சி இவர் கைக்கு வரவில்லை. சிற்றப்பா முறையான உத்தம சோழர் முதலில் ஆண்டார். பொறுத்திருந்த அருள்மொழி, 985-இல்தான் அரசரானார்.

அதன்பின் காந்தளூர்ச் சாலை, சேர நாடு, பாண்டிய நாடு, இலங்கையின் வடபகுதி என வெற்றிகள் தொடர்ந்தன. இன்றைய சிவகங்கைச் சீமை அடங்கிய பாண்டிய நாட்டுக்கே ராஜராஜ மண்டலம் என்று பெயர் மாறிப்போச்சு. போரோடு நிற்கவில்லை. நிலத்தை அளக்கச் செய்து, வரிக்கு ஒழுங்கான கணக்கு வைத்தார்.

அவர் வெளியிட்ட காசு எப்படி இருந்தது?

ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம். பக்கத்திலேயே நாகரி எழுத்தில் ராஜராஜன் பெயர். ரொம்ப எளிமையான வடிவம்தான். ஆனாலும் பிற்காலத்தில் பராக்கிரமபாகு உள்ளிட்ட இலங்கை அரசர்களும் இதே மாதிரியைப் பின்பற்றிக் காசு அடித்தார்கள்.

கோயில் சுவரில் யார் பெயர்?

1010-இல், ஆட்சியின் 25-ஆம் ஆண்டில், 200 அடிக்கும் மேல் உயர்ந்த விமானத்துக்குச் செப்புக் கலசம் கொடுத்தார். தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, தேவியர் கொடுத்தது மட்டுமல்ல, மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னார்.

தளிச்சேரிப் பெண்கள் 400 பேர் எந்தக் கோயிலில் இருந்து வந்தார்கள், எந்த வரிசையில் எத்தனையாவது வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல் என்பது வரை பதிவு இருக்கு. மேளம் கொட்டுபவர், தையல்காரர், நாவிதர், வண்ணார், தச்சர் பங்கும் அதே சுவரில்தான். 1014-இல் ராஜராஜன் மறைந்தார்; மகன் ராஜேந்திரன் தொடர்ந்தார்.

அந்த நோட்டு என்ன ஆச்சு?

1978 ஜனவரி 16-ஆம் தேதி, மொரார்ஜி தேசாய் அரசு 1,000, 5,000, 10,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அவசரச் சட்டம் போட்டது. மாற்றிக்கொள்ளச் சில நாள்தான் அவகாசம். கறுப்புப் பணத்தைப் பிடிப்பதே நோக்கம். இன்று அதற்குச் சேகரிப்பாளர்களிடம் மட்டும்தான் மதிப்பு. கோயிலின் ஆயிரமாவது ஆண்டை ஒட்டி, 2010-ஆம் ஆண்டு நினைவாக 1,000 ரூபாய் நாணயமும் வந்தது. அதுவும் சேகரிப்புக்குத்தான், புழக்கத்துக்கு அல்ல.

நூறு ரூபாயே பெரிய தொகையாக இருந்த காலத்தில், சாதாரண ஜனங்களில் அந்த நோட்டைத் தொட்டுப் பார்த்தவர்கள் குறைவு. நாவிதருக்கும் வண்ணாருக்கும் சுவரில் இடம் கொடுத்த கோயில், நோட்டில் ஏறியபோது வசதி படைத்தவர்கள் பெட்டியில் மட்டுமே இருந்தது. நோட்டு போய்விட்டது. கல்லில் வெட்டிய கணக்கை இன்றும் தஞ்சாவூர் போகிற யாரும் காசில்லாமல் பார்க்கலாம்.