மூன்று நிமிடத்தில் வாழும் கிட்டப்பா

தமிழ் நாடக மேடையைத் தம் குரலாலேயே ஆண்டவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. 1906ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25இல் பிறந்த அவர், 1933 டிசம்பர் 2இல் மறைந்தார். வாழ்ந்தது 27 ஆண்டுகளே. எந்தப் பேசும்படத்திலும் அவர் நடிக்கவில்லை. நமக்கு எஞ்சியிருப்பவை சில இசைத்தட்டுகள்தாம்.

செங்கோட்டை அந்நாளில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. நம் புதுச்சேரி 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு ஆட்சியினின்று விடுபட்டது. இரண்டாண்டு கழித்து அதே நாளில் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அரசுகளின் எல்லைகள் எவ்வாறிருப்பினும் தமிழ் நாடகத்துக்கு எல்லை இருந்ததில்லை.

வறுமை மிகுந்த பெரிய குடும்பம். பள்ளியில் படிக்க வேண்டிய வயதில் கிட்டப்பா சகோதரர்களுடன் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். கேள்வி ஞானமே அவருக்குக் கல்வி. பின்னர் கன்னையா கம்பெனியில் நடித்துப் பெரும்புகழ் பெற்றார். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்தவருக்கும் ஒரு சொல் தவறாமல் கேட்க வேண்டும். ஐந்து கட்டைச் சுருதியில் அவர் எளிதாகப் பாடுவார். ரசிகர்கள் 'ஒன்ஸ்மோர்' கேட்டு அவரை விடமாட்டார்கள்.

1926இல் இலங்கையில் கே. பி. சுந்தராம்பாளைச் சந்தித்தார். முன்பே கிட்டம்மாளை மணந்திருந்த அவர், மறு ஆண்டு சுந்தராம்பாளையும் மணந்தார். இருவரும் இணைந்து நடித்த வள்ளி திருமணத்துக்கு ஊர் ஊராகக் கூட்டம் திரண்டது.

இக்குரலைத்தான் கிராமபோன் தட்டு பிடித்து வைத்தது. இயற்பியல் மாணவன் என்ற முறையில் இதை நான் வியக்கிறேன். குரலின் அதிர்வு மெழுகுத் தட்டில் நெளிகோடாகப் பதிகிறது. அதிலிருந்து அச்செடுத்த தட்டின் மேல் ஊசி ஓடினால் குரல் மீள்கிறது. ஆனால் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே இடம். மேடையில் விரித்துப் பாடியவர் தட்டுக்காகச் சுருக்கிப் பாட வேண்டியதாயிற்று. அப்படியும் தியாகராசரின் 'எவரனி' கீர்த்தனையில் அவர் மேல் ஸ்தாயிக்குத் தாவும் வேகம் நம்மைத் திகைக்க வைக்கிறது.

குடிப்பழக்கம் அவர் உடலைக் குலைத்தது. அவர் மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று வெள்ளைச் சேலை உடுத்தியவர், 1980இல் மறையும்வரை அக்கோலத்தை மாற்றவில்லை. ஆண்களுக்கு இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்ட அவர், 1935இல் வெளிவந்த நந்தனார் படத்தில் நந்தனாராகவே நடித்தார்.

கிட்டப்பாவின் முடிவை விதி என்று சொல்லி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. குழந்தைப் பருவம் முதலே அவர் குரல் பலருக்குச் சோறிட்டது. அவரைக் காண ஊரே கூடியது. ஆனால் அவரைக் காக்க எவராலும் இயலவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஒருவன் உழைப்பை ஒரு வீடே நம்பியிருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். நம் வகுப்புகளிலும் அத்தகையோர் பலர் உள்ளனர்.

நண்பர்களே! கிட்டப்பாவின் தட்டுகளை இன்று கைப்பேசியிலேயே கேட்கலாம். ஒரு மூன்று நிமிடம் ஒதுக்கிக் கேளுங்கள். திறமை மட்டும் இருந்தால் போதாது, திறமை உடையவனைப் பேணும் துணையும் வேண்டும் என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது. அத்துணையாக நாம் ஒருவருக்கொருவர் இருப்போமாக!